பசுமை வேதியியல்: தராசிலிருந்து தொடங்கும் வழி

ஒரு பொருளைத் தயாரிக்க எத்தனை கிராம் உள்ளே போனது? அதில் எத்தனை கிராம் பொருளாகக் கைக்கு வந்தது? மீதி எங்கே போனது? ஆய்வகத்திலோ சிறு தயாரிப்புக் கூடத்திலோ வேலை செய்யும் ஒருவர் இந்த மூன்று கேள்விக்கும் எண்ணாகவே விடை சொல்ல முடிந்தால், பசுமை வேதியியலில் பாதி அவருக்கு வசமாகிவிட்டது. அந்த எண்களைப் பார்த்து எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பது மீதிப் பாதி.

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998இல் இத்துறைக்கு 12 கொள்கைகளை வகுத்துத் தந்தார்கள். அவற்றை எடுத்தவுடனே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதிதாக வருபவருக்கு முதலில் கைகொடுப்பவை ஐந்துதான். கழிவு உண்டான பின் சுத்திகரிப்பதைவிட உண்டாகாமலே தடுப்பது. நச்சு குறைந்த பொருளை எடுப்பது. கரைப்பானைக் குறைப்பது அல்லது மாற்றுவது. மொத்தமாகச் செலவாகிப்போகும் வினைபொருளுக்குப் பதில் வினையூக்கியைப் பயன்படுத்துவது. தவறு நேர்ந்தாலும் பெருவிபத்தாகாதபடி வேலையை அமைப்பது.

கையுறை, முகக்கவசம், காற்றை வெளியே இழுக்கும் விசிறி எல்லாம் நச்சுக்கும் நமக்கும் நடுவே போடும் தடுப்புகள். கையுறை கிழியும், மின்சாரம் போனால் விசிறி நின்றுவிடும். நச்சில்லாத கரைப்பானோ மின்சாரம் போன பிறகும் நச்சில்லாமலே இருக்கும். அதனால்தான் தடுப்புகளைக் கூட்டுவதற்கு முன்னால் பொருளையே மாற்ற முடியுமா என்று கேட்கிறோம். மாற்றிய பிறகும் கண்ணாடியும் கையுறையும் அவசியம். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதல் படி: ஒரே ஒரு வினையைத் தேர்ந்தெடுங்கள்

ஆய்வகம் முழுவதையும் ஒரே மாதத்தில் பசுமையாக்கப் புறப்பட்டால் எதுவும் முடியாது. அடிக்கடி செய்யும் ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான வினையா அடிக்கடி செய்யும் வினையா என்று தயக்கம் வந்தால், அடிக்கடி செய்வதையே எடுங்கள். 40 மாணவர்கள் செய்யும் ஒரு பயிற்சியில் ஆளுக்கு 20 மி.லி. கரைப்பான் மிச்சமானாலே ஒரு வகுப்புக்கு 800 மி.லி. மிச்சம்.

அந்த வினைக்கென்று ஒரு குறிப்பேடு வையுங்கள். உள்ளே போகும் ஒவ்வொன்றின் பெயர், எடை, எதற்காகப் போகிறது என்று எழுதுங்கள். கழுவ ஊற்றிய தண்ணீர், குடுவையைக் கழுவிய அசிட்டோன், உலர்த்தப் போட்ட சோடியம் சல்பேட், வடிதாள் வரை எல்லாம் இதில் வர வேண்டும். பெரும்பாலோர் வினைபொருளை மட்டும் எழுதிவிட்டுக் கழுவும் அசிட்டோனை விட்டுவிடுகிறார்கள். எடை போட்டுப் பார்த்தால் பல பயிற்சிகளில் அந்த அசிட்டோன் விளைபொருளைப் போலப் பல மடங்கு இருக்கும். மி.லி.யில் அளந்ததை அடர்த்தியால் பெருக்கிக் கிராமாக்கிக்கொள்ளுங்கள். எத்தனாலுக்கு 0.79, எத்தில் அசிட்டேட்டுக்கு 0.90, டைகுளோரோமீத்தேனுக்கு 1.33.

இரண்டாம் படி: தாளில் கணக்கு

குடுவையைத் தொடுவதற்கு முன் தாளிலேயே ஒரு கணக்குப் போடலாம். பேரி டிராஸ்ட் 1991இல் முன்வைத்த அணுச் சிக்கனம் அது. விளைபொருளின் மூலக்கூறு எடையை எல்லா வினைபொருள்களின் மூலக்கூறு எடைக் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். சாலிசிலிக் அமிலம் 138.12, அசிட்டிக் அன்ஹைட்ரைடு 102.09, இரண்டும் சேர்ந்து 240.21. ஆஸ்பிரின் 180.16. ஆக அணுச் சிக்கனம் 75 சதவீதம். மீதி 25 சதவீதம் அசிட்டிக் அமிலமாகப் போகிறது. நீங்கள் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் அது வினையின் அமைப்பிலேயே இருக்கிறது.

வினைப்பாதையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இபுபுரூஃபென் நல்ல சான்று. 1960களில் வந்த பழைய பாதையில் ஆறு படிகள், அணுச் சிக்கனம் சுமார் 40 சதவீதம். 1992இல் தொழிற்சாலையில் நடைமுறைக்கு வந்த புதிய பாதையில் மூன்றே படிகள், அணுச் சிக்கனம் 77 சதவீதம். உடன் உண்டாகும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டெடுத்தால் 99 சதவீதத்தைத் தொடுகிறது. ஆனால் இந்தப் புதிய பாதை ஹைட்ரஜன் புளோரைடை வினையூக்கியாகவும் கரைப்பானாகவும் பயன்படுத்துகிறது. தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும் பொருள் அது. மூடிய அமைப்புக்குள் மீட்டு மீட்டுப் பயன்படுத்தும் பெரிய ஆலைக்கு அது ஒத்துவரும், கல்லூரி மேசைக்கு ஒத்துவராது. ஒரே எண்ணை வைத்து ஒரு வினையைப் பசுமை என்று முத்திரை குத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மூன்றாம் படி: மேசையில் கணக்கு

தாள் கணக்குக்குக் கரைப்பான் தெரியாது, சிந்தியது தெரியாது, மிகையாக ஊற்றியது தெரியாது. அதற்குத்தான் ரோஜர் ஷெல்டன் 1992இல் தந்த ஈ-காரணி. உள்ளே போன மொத்த எடையிலிருந்து விளைபொருளின் எடையைக் கழித்து, வருவதை விளைபொருளின் எடையால் வகுத்தால் ஈ-காரணி கிடைக்கும். ஒரு கிராம் பொருளுக்கு எத்தனை கிராம் கழிவு என்பதே இதன் பொருள். கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் இது 0.1க்கும் கீழே. பெருமளவில் தயாராகும் அடிப்படை வேதிப்பொருள்களில் 5 வரை, நுண் வேதிப்பொருள்களில் 5 முதல் 50, மருந்துத் தயாரிப்பில் 25 முதல் 100, சில சமயம் அதற்கும் மேல். குறைந்த அளவில், மிகத் தூய்மையாக, பல படிகளில் தயாரிக்கும்போது கழிவு இப்படி ஏறுகிறது.

தண்ணீரைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை என இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பின்னால் ஒப்பிடும்போது குழப்பம் வரும்.

ஆஸ்பிரினையே மேசைக்குக் கொண்டுவருவோம். பல கையேடுகளில் உள்ள முறை இப்படிப் போகும்: 2.0 கிராம் சாலிசிலிக் அமிலம், 5 மி.லி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஐந்து சொட்டு 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம். வினை முடிந்ததும் 50 மி.லி. தண்ணீர். பிறகு 6 மி.லி. எத்தனாலும் 20 மி.லி. தண்ணீரும் கொண்டு மறுபடிகமாக்கல். அன்ஹைட்ரைடின் எடை 5.4 கிராம், வினையூக்கி சுமார் 0.4 கிராம், எத்தனால் 4.7 கிராம். கடைசியில் 1.8 கிராம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் சேர்க்காமல் ஈ-காரணி 6. தண்ணீரைச் சேர்த்தால் 45.

இதில் எங்கே குறைக்கலாம்? 2.0 கிராம் சாலிசிலிக் அமிலம் 14.5 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை ஒப்பிட உதவும் அலகு; மில்லிகிராமை மூலக்கூறு எடையால் வகுத்தால் கிடைக்கும்). 5 மி.லி. அன்ஹைட்ரைடு 53 மில்லிமோல், அதாவது தேவையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். திடப்பொருள் நனைந்து கரைய ஓரளவு மிகை வேண்டும்தான், ஆனால் 3 மி.லி. போதும். மாற்றிய முறை:

1. நன்றாக உலர்ந்த 50 மி.லி. கூம்புக் குடுவையில் 2.0 கிராம் சாலிசிலிக் அமிலம், 3 மி.லி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஐந்து சொட்டுப் பாஸ்பாரிக் அமிலம். புகை வெளியேற்றும் பெட்டிக்குள்ளேயே செய்ய வேண்டும். அன்ஹைட்ரைடின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

2. 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் உள்ள தண்ணீர்த் தொட்டியில் 15 நிமிடம், அவ்வப்போது சுழற்றிவிட்டு.

3. சூடு ஆறும் முன் 2 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிஞ்சிய அன்ஹைட்ரைடு தண்ணீருடன் சேர்ந்து சூட்டைக் கக்கும். ஒரேயடியாக ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

4. பொங்கல் அடங்கியதும் 20 மி.லி. குளிர்ந்த தண்ணீர். பனிக்கட்டியில் 10 நிமிடம். படிகம் வராவிட்டால் கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உட்சுவரைத் தேய்த்துக் கொடுங்கள்.

5. வடிகட்டி, 3 மி.லி. பனிநீரால் இரண்டு முறை கழுவுங்கள்.

6. ஒரு சிட்டிகை படிகத்தைச் சிறிது எத்தனாலில் கரைத்து, ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு கரைசலை விடுங்கள். ஊதா நிறம் வந்தால் வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் மிஞ்சியிருக்கிறது, மறுபடிகமாக்க வேண்டும். ஊதா வராவிட்டால் அந்தப் படியையே விட்டுவிடலாம்.

2.1 கிராம் கிடைத்தால் விளைச்சல் 80 சதவீதம், ஏனென்றால் கோட்பாட்டு அளவு 2.61 கிராம். ஈ-காரணி 1.7ஆக இறங்குகிறது. தண்ணீரைச் சேர்த்தாலும் 15தான். புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. அன்ஹைட்ரைடைக் குறைத்தோம், சோதித்துப் பார்த்து ஒரு படியைத் தவிர்த்தோம், அவ்வளவே. மறுபடிகமாக்கல் ஒவ்வொரு முறையும் பொருளில் ஒரு பங்கைக் கரைசலோடு கொண்டுபோய்விடும். பழக்கம் என்பதற்காக மட்டும் அதைச் செய்யக் கூடாது.

இதில் வழக்கமாகக் கெடுவது மூன்று இடங்களில். குடுவை ஈரமாக இருந்தால் அன்ஹைட்ரைடு தண்ணீரோடு போய்விடும், விளைச்சல் விழும். தொட்டி 90 டிகிரிக்கு மேல் போனாலோ அரை மணி நேரம் வைத்துவிட்டாலோ சாலிசிலிக் அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசுபிசுப்பான பொருளைத் தரும். அது சோடியம் பைகார்பனேட் கரைசலில் கரையாது, அதை வைத்து அடையாளம் காணலாம். மூன்றாவது, படிகமாக்கும்போது தண்ணீரை அள்ளி ஊற்றுவது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 3 கிராம் ஆஸ்பிரின் கரையும். 100 மி.லி. ஊற்றிக் குளிர்விக்காமல் வடிகட்டினால் 0.3 கிராம் வடிநீரோடு போய்விடும், உங்கள் விளைச்சலில் ஏழில் ஒரு பங்கு அது. இப்படி ஆய்வகத்தில் செய்த ஆஸ்பிரின் உட்கொள்வதற்கானது அல்ல.

நான்காம் படி: தரவுத் தாளைப் படிக்கும் முறை

எடை மட்டும் கதையைச் சொல்லாது. ஒரு கிலோ சமையல் உப்பும் ஒரு கிலோ குரோமிக் அமிலமும் ஈ-காரணியில் ஒன்றே. எனவே ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளை எடுத்துவையுங்கள். 16 பகுதிகள் இருக்கும். முதலில் 2ஆம் பகுதி, அதில் ஆபத்துக் குறியீடுகள். பிறகு 9இல் கொதிநிலையும் தீப்பற்றுநிலையும், 10இல் எதனோடு சேரக் கூடாது என்பது, 11இல் உடலுக்கு, 12இல் நீர்நிலைக்கு.

எச் என்ற எழுத்தோடு வரும் குறியீடுகளில் சிலவற்றை நினைவில் வைத்தால் போதும். 340 மரபணுக் கேடு, 350 புற்றுநோய், 360 கருவுறுதலுக்கும் கருவுக்கும் கேடு, 372 தொடர்ந்து படுவதால் உறுப்புக்குக் கேடு, 410 நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகால நச்சு, 225 எளிதில் தீப்பற்றும் திரவம். முதல் மூன்றில் ஒன்று வந்தால் அந்தப் பொருளை மாற்றும் முயற்சியை உடனே தொடங்குங்கள். 372 அடுத்து. 225 மட்டும் இருக்கிறதென்றால் அஞ்ச வேண்டாம், எத்தனாலுக்கும் அது உண்டு. தீயைத் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம்.

மாற்றுப் பொருளுக்கும் இதே தாளை இதே கவனத்தோடு படியுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள் மனிதர்களைக் காயப்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாகனப் பணிமனைகளில் பிரேக் துடைக்கக் குளோரின் கொண்ட கரைப்பான்களுக்கு மாற்றாக ஹெக்சேனும் அசிட்டோனும் கலந்த தெளிப்பான்கள் வந்தன. 1999, 2000 ஆண்டுகளில் அவற்றைப் பயன்படுத்திய மெக்கானிக்குகளிடம் கைகால் நரம்புத் தளர்ச்சி கண்டறியப்பட்டது. உடலுக்குள் போன ஹெக்சேன் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்பிழைகளைச் சிதைக்கிறது. உடன் இருக்கும் அசிட்டோன் அந்தக் கேட்டை இன்னும் கூட்டுகிறது. ஒரு கேட்டைத் துரத்தி இன்னொன்றைக் கூட்டிவந்த கதை இது. பிளாஸ்டிக்கில் சேரும் பிஸ்பீனால் ஏ வேண்டாம் என்று அதன் உடன்பிறப்பான பிஸ்பீனால் எஸ்ஸை எடுத்ததும் இதே வகைதான். ஹார்மோன்களைக் குழப்பும் தன்மை அதற்கும் உண்டு.

ஐந்தாம் படி: கரைப்பான்

ஒரு வினையில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை கரைப்பான் என்றே சொல்லுவோம். எடையில் பெரும்பங்கு அதுதான், ஆவியாகி மூச்சில் போவதும் அதுதான், தீப்பிடிப்பதும் அதுதான். விளைபொருளில் அதன் ஒரு அணுகூட மிஞ்சுவதில்லை.

முதல் கேள்வி, கரைப்பானே வேண்டுமா? இரண்டு திரவங்கள் ஒன்றோடொன்று கலந்தால் தேவையில்லை. மேலே பார்த்த ஆஸ்பிரினில் அன்ஹைட்ரைடே கரைப்பான் வேலையையும் பார்த்தது. வேண்டும் என்றால் தண்ணீர், எத்தனால், எத்தில் அசிட்டேட் என்ற வரிசையில் முயலுங்கள்.

ஹெக்சேன் இருந்த இடத்தில் ஹெப்டேன் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ஹெக்சேனின் கொதிநிலை 69 டிகிரி, ஹெப்டேனுக்கு 98. ஆவியாக்க நேரம் கூடும், வெற்றிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நரம்புக் கேடு இல்லை, ஆனால் நீர்வாழ் உயிர்களுக்கு அதுவும் நச்சு, கழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. பெட்ரோலிய ஈதர் என்ற பெயரில் வரும் புட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். 60–80 டிகிரி வகையில் ஹெக்சேன் தாராளமாக இருக்கும்.

டைஎத்தில் ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும், கோடையில் புட்டியைத் திறந்தாலே ஆவி மேசையில் வழிந்தோடும். அந்த இடத்திலும் டெட்ராஹைட்ரோஃபியூரான் இடத்திலும் 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான் நன்றாக உழைக்கும். தாவரக் கழிவிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃபியூராலில் இருந்து அதைத் தயாரிக்க முடியும். கொதிநிலை 80, தண்ணீரோடு முழுதும் கலக்காது, அதனால் பிரித்தெடுப்பும் அதே குடுவையில் முடியும். தாவரத்திலிருந்து வந்ததால் அது சாதுவாகிவிடாது. காற்றுப் பட்டால் இதிலும் வெடிக்கும் பெராக்சைடு சேரும். புட்டியைத் திறந்த தேதியை அதன் மீதே எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெராக்சைடு சோதனைத் தாளால் பாருங்கள், வற்ற வற்றக் காய்ச்சி வடிக்காதீர்கள்.

டைகுளோரோமீத்தேனுக்குப் பதில் எத்தில் அசிட்டேட் போடும்போது நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். டைகுளோரோமீத்தேன் தண்ணீரைவிடக் கனம், பிரிபுனலில் அடியில் தங்கும். எத்தில் அசிட்டேட் மேலே மிதக்கும். பழைய கைப்பழக்கத்தில் அடியில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு மேலே இருப்பதைக் கொட்டினால் ஒரு நாள் உழைப்பு கழிவுப் புட்டிக்குள் போய்விடும். எந்த அடுக்கு எது என்று ஐயம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது எந்த அடுக்கில் கரைகிறது என்று பாருங்கள். கடைசிப் பொருளைத் தராசில் நிறுத்திப் பார்க்கும் வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள்.

எத்தில் அசிட்டேட்டுக்கு வேறு இரண்டு குணமும் உண்டு. 100 மி.லி. தண்ணீரில் சுமார் 8 கிராம் கரைந்துவிடும், எனவே தண்ணீருக்குப் பதில் நிறைவுற்ற உப்புக் கரைசலால் கழுவுங்கள். வலுவான காரம் அதை உடைத்துவிடும், முதன்மை அமீன்கள் மெல்ல அதனோடு வினைபுரிந்து அமைடாகும். அப்படிப்பட்ட வினைகளில் இந்த மாற்று வேண்டாம்.

மாற்ற முடியாத கரைப்பானைக் குறைக்கலாம். 100 மி.லி. நீர்க்கரைசலில் உள்ள பொருள், தண்ணீரைவிட நான்கு மடங்கு கரைப்பானை விரும்புகிறது என்று கொள்வோம். 60 மி.லி. கரைப்பானை ஒரே தடவையில் ஊற்றிக் குலுக்கினால் 29 சதவீதம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதே 60ஐ மூன்று 20ஆகப் பிரித்தால் 17 சதவீதம்தான் தங்கும். திருப்பிப் பாருங்கள்: ஒரே தடவை 60 மி.லி. தரும் பலனை 21 மி.லி. வீதம் இரண்டு தடவையில், 42 மி.லி.யிலேயே பெறலாம். கரைப்பானில் 30 சதவீதம் மிச்சம், செலவானது இரண்டு நிமிடம்.

டைமெத்தில் சல்பாக்சைடு நச்சு குறைந்தது என்று படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதை எடுப்பவர்கள் உண்டு. அது தோலுக்குள் எளிதாகப் புகும், தன்னில் கரைந்திருப்பதையும் கூட இழுத்துச்செல்லும். கொதிநிலை 189 டிகிரி, வெளியேற்றுவதும் பெரும்பாடு.

ஆறாம் படி: செலவாகும் வினைபொருள்

ஆக்சிஜனேற்றத்தில் மாற்றத்தின் பலன் கண்கூடாகத் தெரியும். சைக்ளோஹெக்சனாலைச் சைக்ளோஹெக்சனோனாக மாற்ற முன்பு ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மங்களை எடுத்தார்கள், அது புற்றுநோய்க் காரணி. அதே வேலையைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் அசிட்டிக் அமிலமும் செய்யும். மிஞ்சுவது உப்பும் தண்ணீரும். 1.0 கிராம் சைக்ளோஹெக்சனால் 10 மில்லிமோல். அதற்கு 5 சதவீதக் கரைசல் 15 மி.லி. வேண்டும். ஆனால் இக்கரைசல் புட்டியிலேயே வலுவிழந்துகொண்டு வரும். 3 சதவீதமாக இறங்கியிருந்தால் 25 மி.லி. தேவை. அளவைப் பார்த்து ஊற்றிவிட்டு "வினை நடக்கவில்லை" என்று கைவிடுபவர்கள் பலர். ஸ்டார்ச்–அயோடைடு தாளில் ஒரு சொட்டு வையுங்கள், கருநீலம் தங்கினால் ஆக்சிஜனேற்றி இன்னும் இருக்கிறது என்று பொருள். சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 40 முதல் 45 டிகிரிக்குள் வைத்திருங்கள், முடிவில் மிஞ்சியதைச் சோடியம் பைசல்பைட்டால் அழியுங்கள். அமிலம் படும்போது குளோரின் வாயு கிளம்பலாம் என்பதால் புகை வெளியேற்றும் பெட்டியை விட்டு வெளியே இதைச் செய்யவே கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னும் தூய்மையானது, மிஞ்சுவது தண்ணீர் மட்டும். நைலானுக்கு வேண்டிய அடிப்பிக் அமிலத்தை நைட்ரிக் அமிலம் கொண்டு தயாரிக்கும் பழைய முறையில் புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். ரியோஜி நொயோரியின் குழு 1998இல், சைக்ளோஹெக்சீனையும் 30 சதவீதப் பெராக்சைடையும் டங்ஸ்டேட் வினையூக்கியோடு சேர்த்து அதே அமிலத்தைப் பெற்றுக் காட்டியது. இதன் அணுச் சிக்கனம் 67 சதவீதம்தான், ஆஸ்பிரினைவிடக் குறைவு. ஆனால் மீதி 33 சதவீதம் வெறும் தண்ணீர். பெராக்சைடு பக்கத்தில் அசிட்டோன் மட்டும் வரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால், அதுவும் அமிலத்தோடு, தொட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகும். பெராக்சைடு போட்ட குடுவையை அசிட்டோனால் கழுவும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

ஏழாம் படி: தண்ணீரும் சூடும்

இது எளிது. குளிர்விப்பானில் குழாய்நீர் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் இரண்டு மணி நேரத்தில் 120 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. ஒரு வாளித் தண்ணீர், சிறிய நீர்மூழ்கி மோட்டார், கொஞ்சம் பனிக்கட்டி இருந்தால் அதே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். "நான்கு மணி நேரம் கொதிக்க விடுக" என்று கையேடு சொன்னாலும், அரை மணிக்கு ஒரு முறை, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் மென்படலத் தகட்டில் ஒரு புள்ளி வைத்து வினைபொருள் தீர்ந்ததா என்று பாருங்கள். ஒன்றரை மணியில் முடிந்த வினையை மீதி நேரம் சூடாக்கினால் மின்சாரமும் போகும், பக்க விளைபொருளும் சேரும்.

எட்டாம் படி: பெரிதாக்கும் முன்

100 மி.லி. குடுவையில் அமைதியாக நடந்த வினையை 100 லிட்டருக்குக் கொண்டுபோனால் கொள்ளளவு 1,000 மடங்கு கூடுகிறது, சூடு வெளியேறும் பரப்போ 100 மடங்குதான். அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்ச்சி பத்தில் ஒரு பங்காகிறது. பத்து பத்து மடங்காக ஏறுங்கள், ஒவ்வொரு படியிலும் வெப்பமானியை விட்டு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று குறியுங்கள். வினைபொருளை ஒரேயடியாகக் கொட்டாமல் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்படி அமைத்தால், சூடு ஏறும்போது சேர்ப்பதை நிறுத்த முடியும்.

ஆபத்தான இடைநிலைப் பொருளைச் சேமித்து வைக்காதீர்கள். போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லி செய்ய வைத்திருந்த மெத்தில் ஐசோசயனேட் ஒரு தொட்டியில் சுமார் 40 டன் இருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது, சூடேறியது, ஆவி ஊருக்குள் இறங்கியது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த 40 டன் விற்பனைக்கான பொருளே அல்ல, அடுத்த படிக்காகக் காத்திருந்த இடைநிலைப் பொருள். அதே பூச்சிக்கொல்லியை மெத்தில் ஐசோசயனேட் வராமலே, நாப்தாலைப் பாஸ்ஜீனோடும் பின் மெத்தில் அமீனோடும் வினைபுரியச் செய்து தயாரிக்கும் பாதை உண்டு. அதிலும் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயு இருக்கிறது. ஆகவே பாதையை மாற்றுவதோடு நின்றுவிடாமல், நச்சு உண்டான உடனே செலவாகும்படி, கையிருப்பே இல்லாதபடி அமைப்பதும் வேண்டும். உங்கள் கூடத்திலும் கேட்டுப் பாருங்கள்: இந்த நிமிடம் எல்லாம் கசிந்தால் எத்தனை லிட்டர் வெளியே வரும்?

ஒன்பதாம் படி: மிஞ்சும் கழிவு

எவ்வளவு குறைத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். குளோரின் போன்ற ஹாலஜன் உள்ள கரைப்பானுக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று, உலோகம் கலந்த நீருக்கு ஒன்று, அமிலத்துக்கும் காரத்துக்கும் தனித்தனியே என்று புட்டிகள் வையுங்கள். ஹாலஜன் இல்லாத கரைப்பானைக் காய்ச்சி வடித்து அடுத்த முறை குடுவை கழுவ எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கரண்டி டைகுளோரோமீத்தேன் விழுந்தால் முழுப் புட்டியும் அந்த வாய்ப்பை இழந்துவிடும். நைட்ரிக் அமிலக் கழிவை எத்தனாலோ வேறு கரிமப் பொருளோ இருந்த புட்டியில் ஊற்றவே கூடாது. சில நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென வாயு கிளம்பிப் புட்டி சிதறும். பெராக்சைடு உள்ள கழிவுக்குக் காற்றுத் துளையுள்ள மூடி போடுங்கள், எந்தப் புட்டியையும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

'மக்கக்கூடியது' என்று அச்சிட்ட துப்புரவுப் பொருளை வாங்குமுன் எந்தச் சோதனையில் என்று கேளுங்கள். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்த 301ஆம் எண் சோதனையில் 28 நாளுக்குள் 60 சதவீதமாவது சிதைந்தால்தான் எளிதில் மக்கக்கூடியது என்று ஏற்பார்கள். சோதனையின் பெயரும் எண்ணும் இல்லாத சொல் விளம்பரம்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். கரைப்பானையும் வெப்பநிலையையும் ஒரே நாளில் மாற்றினால், விளைச்சல் விழும்போது எதனால் விழுந்தது என்று தெரியாது. ஒரு மாற்றம், மூன்று முறை, மூன்றின் சராசரி. விளைச்சல், தூய்மை, தண்ணீரோடும் தண்ணீரில்லாமலும் ஈ-காரணி, தரவுத் தாளில் 340, 350, 360 உள்ள பொருள்களின் எண்ணிக்கை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தோற்ற முயற்சியையும் எந்தக் கரைப்பானில், எத்தனை டிகிரியில், ஏன் தோற்றது என்று அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்து அந்த மேசைக்கு வருபவர் அதே தவறுக்கு மறுபடியும் ஒரு லிட்டர் கரைப்பானைச் செலவழிக்காமல் இருப்பார்.